அத்தியாயம் 3: முதல் இதழுக்கு முந்தைய பதினெட்டு மாதங்கள்

ஆய்விதழ் தொடங்கலாம் என்று நாலு பேர் கூடினால் முதலில் பெயரைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து அட்டை, அதற்கடுத்து வெளியீட்டு விழாவுக்கு யாரை அழைப்பது என்று பேச்சு போகும். வரும் கட்டுரையை யார் படித்து நல்லது கெட்டது சொல்வார்கள் என்ற பேச்சு கடைசியில்தான் வரும். பல கூட்டங்களில் வராமலே கலைந்துவிடுவார்கள். இந்த அத்தியாயம் அந்தக் கடைசிப் பேச்சுக்காக எழுதப்பட்டது. ஒரு நிலப்பரப்பை வரலாறு, மொழி, பொருளாதாரம், சூழலியல், சட்டம் எனப் பல கண்களால் பார்க்க விரும்பும் பிராந்திய ஆய்விதழுக்கு மதிப்பீட்டாளர்கள்தான் உயிர்நாடி. அந்த ஏற்பாடு சரியாக அமைந்துவிட்டால் மிச்ச வேலைகளைப் பொறுமையுள்ள எவரும் கற்றுக்கொண்டு செய்துவிடலாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரண இதழை வைத்துக்கொள்வோம். அதன் களம் பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும், அவற்றின் இரு கரைகளும். இராமேசுவரம், தொண்டி, கீழக்கரை, தூத்துக்குடி ஒரு பக்கம். தலைமன்னார், மன்னார், நெடுந்தீவு, யாழ்ப்பாணம் மறுபக்கம். இதழுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

இடம் என்ன கேட்கிறது?

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1974, 1976 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் கடலில் எல்லை வகுத்தன. 1983க்குப் பிறகு அகதிகள் படகுகளில் வந்தார்கள். இதற்கிடையே 1960களிலிருந்து இழுவைப் படகுகள் பெருகி, கடலடியும் மீன்வளமும் மாறின. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. இலங்கை 2017இல் கடலடி இழுவை மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.

இந்த வரிசையில் எந்த ஒன்றையும் ஒரு துறை தனியாக விளக்கிவிட முடியாது. சட்டம் படித்தவர் 1974ஐப் பார்ப்பார், மீன்வள அறிவியலாளர் வலையின் கண்ணளவைப் பார்ப்பார், மானிடவியலாளர் கரையில் உட்கார்ந்து பெண்கள் நடத்தும் கருவாட்டு வியாபாரத்தைப் பார்ப்பார். மூவரும் தத்தம் துறை இதழ்களில் எழுதிக்கொண்டால் ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்கவே மாட்டார். உங்கள் இதழ் பிறக்க வேண்டிய நியாயம் இதுதான். இதை ஒரு பக்கத்தில், துறைச்சொற்கள் இல்லாமல் எழுத முடிகிறதா என்று முதல் மாதத்திலேயே பாருங்கள். எழுத முடியாவிட்டால் இதழ் வேண்டாம். ஒரு கருத்தரங்கு நடத்தி ஒரு தொகுப்பு நூலோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

அந்த ஒரு பக்கம் சண்டைக்கு இடம் கொடுப்பதாகவும் இருக்கட்டும். 1957இல் லூயி துய்மோனும் டேவிட் போக்காக்கும் 'கான்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி' இதழைத் தொடங்கியபோது, இந்தியச் சமூகவியல் என்பது சமூகவியலும் இந்தியவியலும் சந்திக்கும் இடத்தில்தான் நிற்க முடியும் என்று முதல் இதழிலேயே வாதிட்டார்கள். எஃப். ஜி. பெய்லி அதைக் கடுமையாக மறுத்து எழுதிய கட்டுரையை 1959இல் அதே இதழே வெளியிட்டது. அந்தத் தொடக்கக் கட்டுரையின் தலைப்பு பின்னால் நிரந்தர விவாதப் பகுதியின் பெயராகவே நிலைத்தது. 1967இல் டி. என். மதன் முயற்சியில் டெல்லியிலிருந்து புதிய வரிசையாகத் தொடர்ந்தபோதும் அந்த விவாதம் ஓயவில்லை. தொடங்கியவர்கள் விலகிய பிறகும் இதழைக் கொண்டுசெல்ல இப்படிப்பட்ட ஒரு கேள்வி தேவைப்படுகிறது.

பெயர் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபார் ஈஸ்டர்ன் குவார்ட்டர்லி' 1956இல் 'ஜர்னல் ஆஃப் ஏஷியன் ஸ்டடீஸ்' ஆனது. களம் விரிந்ததால் மாறிய பெயர் என்றாலும், பழைய பெயரைப் படிக்கும் எவருக்கும் 'தூரக் கிழக்கு என்றால் யாருக்குத் தூரம்?' என்ற கேள்வி எழும். உங்கள் பெயர் எந்தக் கரையிலிருந்து பார்க்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'தென்னிந்திய' என்று தொடங்கினால் மன்னாரில் இருப்பவர் கட்டுரை அனுப்ப மாட்டார். பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். பெயர் மாறினால் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் மாறும், அதுவரை சேர்த்த மேற்கோள் கணக்கு இரண்டாகப் பிரியும்.

ஒரு சொல், மூன்று துறை

நான் ஆசிரியர் குழுவில் இருந்த ஓர் இதழுக்கு மீன்வளம் குறைவதைப் பற்றிக் கடல் உயிரியலாளர் ஒருவரின் கட்டுரை வந்தது. தரவு நல்ல தரவு. பல ஆண்டுகள் கரையில் நின்று எடை போட்டுச் சேர்த்தது. மீன்வள அறிவியல் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினோம். 'சிறு திருத்தத்தோடு வெளியிடலாம்' என்று பத்தே நாளில் பதில் வந்தது. துறை இதழாக இருந்தால் அத்தோடு அச்சுக்குப் போயிருக்கும்.

எங்கள் விதிப்படி இரண்டாவது மதிப்பீட்டாளர் வேறு துறைக்காரராகவும் அந்தக் கரையை நேரில் அறிந்தவராகவும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வரலாற்றாசிரியர் ஒருவர் கட்டுரையை நிறுத்திவிட்டார். அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லை: 'பாரம்பரிய மீனவர்'. உயிரியலாளருக்கு அந்தச் சொல்லின் பொருள், இயந்திரம் இல்லாத அல்லது சிறிய இயந்திரம் பூட்டிய படகில் போகிறவர் என்பது. சட்டம் பேசுகிறவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் மீன்பிடித்துவந்த உரிமையைக் குறிக்கும். மானிடவியலாளர் கேட்டால் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த வலை என்று திருப்பிக் கேட்பார். இழுவைப் படகு வைத்திருப்பவரின் தாத்தா பாய்மரத்தில் போனவராக இருக்கலாம். அவர் பாரம்பரிய மீனவரா, இல்லையா? கட்டுரையின் மூன்று அட்டவணைகளும் அந்தச் சொல்லை வைத்துத்தான் பிரிக்கப்பட்டிருந்தன.

இங்கேதான் ஆசிரியரின் வேலை தொடங்குகிறது. இரண்டு அறிக்கைகளையும் அப்படியே இணைத்து 'இவற்றின்படி திருத்தி அனுப்பவும்' என்று எழுதுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. பல்துறை இதழில் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்வது இயல்பு. எதைச் செய்ய வேண்டும், எதை விடலாம் என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாவிட்டால் கட்டுரையாளர் நடுக்கடலில் விடப்பட்டவர்போல ஆகிவிடுவார். நாங்கள் அனுப்பிய கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது:

'முதல் மதிப்பீட்டாளர் இரண்டாம் அட்டவணைக்கு விளக்கம் கேட்கிறார், அதைச் சேர்த்துவிடுங்கள். இரண்டாமவர் பாரம்பரிய மீனவர் என்ற சொல்லை வரையறுக்கச் சொல்கிறார். ஆசிரியர் குழுவும் அதையே கேட்கிறது. கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு பத்திகளில், நீங்கள் எந்தப் பொருளில் இதைப் பயன்படுத்துகிறீர்கள், வேறு என்னென்ன பொருள்கள் புழங்குகின்றன என்று எழுதுங்கள். படகை வைத்துத்தான் பிரித்தீர்கள் என்றால் அட்டவணைத் தலைப்பில் படகின் பெயரையே போடுங்கள். 1974 ஒப்பந்தம் பற்றித் தனிப்பகுதி வேண்டும் என்று இரண்டாமவர் கேட்பதை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. அது வேறொரு கட்டுரை.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மதிப்பீட்டாளர் பலர் தாம் எழுத நினைத்த கட்டுரையைக் கட்டுரையாளரிடம் கேட்பார்கள். அதைத் தடுத்து நிறுத்த ஆசிரியரைத் தவிர வேறு ஆளில்லை. கட்டுரை நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது உயிரியலாளர் அட்டவணைகளையே மாற்றியிருந்தார். புதிய பிரிப்பில், முன்பு கண்ணில் படாத ஒரு வேறுபாடு இரண்டு வகைப் படகுகளுக்கிடையே தெரிந்தது. அந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையில் இத்தனை காலம் இருக்கிறேன் என்று சொல்லலாம்.

ஆகவே விதியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: துறையை அறிந்தவர் ஒருவர், இடத்தை அறிந்தவர் ஒருவர். இருவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

எத்தனை பேர் வேண்டும்?

ஆண்டுக்கு இரண்டு இதழ், இதழுக்கு ஆறு கட்டுரை என்று வைத்துக்கொண்டால் 12 கட்டுரைகள். வருவதில் பாதி தேறும் என்றாலும் 24 கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். கட்டுரைக்கு இருவர், ஆளுக்கு ஒரு அறிக்கை வீதம் 48 அறிக்கைகள். என் அனுபவத்தில் மூன்று பேரைக் கேட்டால் ஒருவர் ஒப்புக்கொள்வார். அப்படியானால் 144 கடிதங்கள். ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது என்றால், கட்டுரை அழைப்பு விடுவதற்கு முன்பே உங்கள் பதிவேட்டில் ஏறத்தாழ 150 பெயர்கள் இருக்க வேண்டும்.

பதிவேட்டில் பெயருக்கு எதிரே துறையை எழுதினால் மட்டும் போதாது. எந்த ஊரை நேரில் அறிந்தவர், தமிழ் படிப்பாரா, சிங்களம் படிப்பாரா, கடைசியாக எப்போது கேட்டோம், எத்தனை நாளில் பதில் தந்தார் என்றும் எழுதுங்கள். மொழிக் கட்டம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான் உங்கள் குழுவின் குறை தெரியும். சிங்களச் சான்றுகளை வைத்து எழுதிய கட்டுரையைச் சிங்களம் தெரியாத இருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால் அது மதிப்பீடே ஆகாது.

இருபுறமும் பெயர் மறைக்கும் முறையைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் சிறிய களத்தில் அது பாதிதான் பலிக்கும். நெடுந்தீவில் களப்பணி செய்தவர்கள் மொத்தமே சிலர். முதல் பக்கத்தைப் படித்ததும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். அதனால் மதிப்பீட்டாளரிடம் நேரடியாகவே கேளுங்கள்: 'இதை எழுதியவர் யாரென்று ஊகிக்க முடிகிறதா? அவரோடு உங்களுக்கு உறவோ பகையோ உண்டா?' நேர்மையானவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

ஆசிரியர் குழுவுக்கும் இதே கண்டிப்பு தேவை. பெரிய பெயர்களை ஆலோசனைக் குழுவில் அடுக்குவதில் பயனில்லை. ஆண்டுக்கு மூன்று கட்டுரையாவது படித்துத் தருகிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும் எட்டுப் பேர் போதும். அதில் இரு கரையினரும் சரிபாதியாக இருக்கட்டும். குழுவினரே தங்கள் இதழில் எழுதிக்கொள்வதற்கும் வரம்பு வேண்டும். திறந்த அணுக்க இதழ்களைப் பட்டியலிடும் டி.ஓ.ஏ.ஜே., ஓர் இதழில் ஆசிரியர், குழுவினர், மதிப்பீட்டாளர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. முதல் இதழுக்குக் கட்டுரை போதாதபோது இந்த விதியை மீறத்தான் மனம் சொல்லும்.

மொழியும் எழுத்தும்

1952இல் தனிநாயகம் அடிகள் 'தமிழ் கல்ச்சர்' இதழை ஆங்கிலத்தில் நடத்தத் தொடங்கியதற்குத் தெளிவான காரணம் இருந்தது: தமிழைப் பற்றி உலகத்தோடு பேசுவது. உங்கள் இதழ் யாரோடு பேசப்போகிறது? கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருந்தாலும், ஆய்வுச் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்குமேல், தமிழிலோ சிங்களத்திலோ எழுதி அனுப்பும் உரிமையைக் கட்டுரையாளருக்குக் கொடுத்து, தேறிய பிறகு மொழிபெயர்ப்பு வேலையை இதழே ஏற்றுக்கொள்ளட்டும். கரையோரக் கல்லூரி ஒன்றில் இருபது ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியருக்குத் தெரிந்தது அவருடைய ஆங்கிலத்தால் தடைபடக் கூடாது.

தமிழிலேயேகூட இரு கரைக்கும் இரண்டு சொல். இராமேசுவரத்தில் 'விசைப்படகு' என்றாலே இழுவை மீன்பிடிப் படகு நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் 'இழுவைமடி' என்று வலையின் பெயரால் சொல்வார்கள்.  ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிக்காதீர்கள். கட்டுரையாளரின் சொல்லை விட்டுவிட்டு, முதல்முறை வரும் இடத்தில் மறுகரைச் சொல்லையும் தாருங்கள்.

ரோமன் எழுத்துப்பெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையே போதும். ழகரத்துக்கு 'எல்' எழுத்தின் அடியில் கோடு, ளகரத்துக்கு அடியில் புள்ளி, றகரத்துக்கு 'ஆர்' எழுத்தின் அடியில் கோடு. ஆனால் இது நூற்பெயருக்கும் மேற்கோளுக்கும் மட்டுமே. ஊர்ப்பெயரில் இதைக் கொண்டுவந்தால் வாசகர் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். கீழக்கரைக்கே ரோமனில் மூன்று எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. ஊர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்பெயரை அவரவர் எழுதுகிறபடியே எழுதுங்கள்.

எழுத்துருச் சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இலங்கையிலிருந்து வரும் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். ஒருங்குறிக்கு மாற்ற மென்பொருள் உண்டு. ஆனால் அடிக்குறிப்பில் ஆங்கிலமும் தமிழும் கலந்திருந்தால், அது ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிக் குதறிவிடும். ஒருமுறை ஒரே கட்டுரையின் அடிக்குறிப்புகளைக் கையால் சரிசெய்ய எனக்கு இரண்டு முழு நாட்கள் பிடித்தன. கட்டுரை அழைப்பிலேயே 'ஒருங்குறியில் மட்டும் அனுப்பவும்' என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

எண்களும் பதிவும்

இந்தப் பகுதி பலரைப் பயமுறுத்துகிறது, உண்மையில் எளிது. இந்தியாவில் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள 2023ஆம் ஆண்டுப் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம், கல்விசார் ஆய்விதழ்களைப் 'பருவ இதழ்' என்ற வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை டெல்லியில் உள்ள தேசிய மையம் கட்டணமின்றி வழங்குகிறது. எட்டு இலக்கம்; அச்சுக்கு ஒன்று, இணையப் பதிப்புக்குத் தனியாக ஒன்று. கட்டுரைகளுக்கான டி.ஓ.ஐ. எண்களுக்குக் கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராகி ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே உறுப்பினரா என்று முதலில் விசாரியுங்கள்.

கட்டுரை வரவு, மதிப்பீடு, வெளியீடு மூன்றையும் நடத்த ஓ.ஜே.எஸ். என்ற இலவச மென்பொருள் 2001 முதல் இருக்கிறது. ஜான் வில்லின்ஸ்கி கனடாவில் தொடங்கிய பொது அறிவுத் திட்டம் உருவாக்கியது. ஒரே இதழைப் பல மொழிகளில் காட்டவும் அது இடம் கொடுக்கும். மென்பொருளுக்குக் காசில்லை, அதைப் புதுப்பித்துப் பாதுகாப்பாக வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குச் சம்பளம் ஒதுக்குங்கள்.

பட்டியல்களைத் துரத்தாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. பட்டியலுக்காகவே நடத்தப்பட்ட இதழ்கள் அத்தோடு திசை தெரியாமல் நின்றன. டி.ஓ.ஏ.ஜே.யின் நிபந்தனைகளை நிறைவேற்றுவது வேறு விஷயம். ஆண்டுக்கு ஐந்து ஆய்வுக் கட்டுரையாவது வேண்டும், மதிப்பீட்டு முறையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பவை எப்படியும் நீங்கள் செய்ய வேண்டியவைதான்.

கட்டுரையாளரிடம் பணம் வாங்காதீர்கள். மாணவரிடமும் அகதி முகாமில் வளர்ந்து ஆய்வுக்கு வந்தவரிடமும் கட்டணம் கேட்கும் இதழ், இந்தக் கரைகளைப் பற்றிப் பேசும் தகுதியை இழந்துவிடுகிறது. படிப்பவரிடமும் கட்டணம் வேண்டாம். அப்படியானால் மொழிச்செம்மை, மொழிபெயர்ப்பு, கணினிப் பராமரிப்பு மூன்றுக்கும் ஒரு நிறுவனம் மூன்றாண்டுக்கு எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். வாய்மொழி உறுதி, துறைத்தலைவர் மாறும்போது காற்றில் போய்விடும். நான் பணியாற்றிய ஓர் இதழ் இரண்டாம் ஆண்டில் அப்படித்தான் நின்றது.

பாதுகாப்புக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததை அறிந்த கரைக்கு, ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை விளக்கத் தேவையில்லை. மின்பிரதிகளை லாக்ஸ் போன்ற பன்மைப் பாதுகாப்பு வலையமைப்பில் சேர்த்துவிடுங்கள். 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டத்துக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் பிரதி தாருங்கள்.

மூன்றாம் இதழ் கையில் வரும்வரை

முதல் ஆறு மாதம் குழுவும் பதிவேடும். ஏழாம் மாதம் கட்டுரை அழைப்பு. அடுத்த ஒன்பது மாதம் மதிப்பீடு, திருத்தம், மறுமதிப்பீடு. கடைசி இரண்டு மாதம் மொழிச்செம்மையும் மெய்ப்பும். பதினெட்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது முதல் இதழ் தயார் என்றாலும் வெளியிடாதீர்கள். இரண்டாம் இதழின் கட்டுரைகள் ஏற்கப்பட்டுவிட்டனவா, மூன்றாம் இதழுக்கானவை மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் இதழுக்கு நண்பர்கள் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது எப்படியோ ஒப்பேறும். மூன்றாவதில்தான் அறிமுகமில்லாதவர்கள் எழுதத் தொடங்க வேண்டும்; அது தாமதமானால் நூலகங்களும் மதிப்பீட்டாளர்களும் நம்பிக்கையைத் தளர்த்திவிடுவார்கள். தேவையானால் விழாவை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

மெய்ப்பு நிலையில் கடைசியாக ஒரு சோதனை: கட்டுரையில் வரும் ஊர், படகு எண், முகாம் பெயர் எதுவாவது பேட்டி கொடுத்தவரை அடையாளம் காட்டிவிடுமா? எல்லை தாண்டியதாக ஒருவர் சொன்ன வாக்குமூலம் நாளை வழக்கில் அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். சந்தேகம் வந்தால் ஊர்ப்பெயரை எடுத்துவிடுங்கள். கட்டுரையாளர் வருந்தினாலும் பரவாயில்லை.

அச்சுப் பிரதிகள் கொஞ்சம் போதும். முதலில் மதிப்பீட்டாளர்களுக்கு, பிறகு இரு கரையின் கல்லூரி நூலகங்களுக்கு, கன்னிமாரா நூலகத்துக்கு. பேட்டி கொடுத்த ஊர்களின் மீனவர் சங்கங்களுக்கு, தமிழ்ச் சுருக்கங்களை மட்டும் பெரிய எழுத்தில் நான்கு பக்கத் தாளாக அடித்து அனுப்புங்கள். அந்தத் தாளின் அடியில் ஆசிரியர் குழுவின் தொலைபேசி எண் இருக்கட்டும். எங்களுக்கு வந்த முதல் திருத்தம் அப்படித்தான் வந்தது: ஒரு வலையின் பெயரைத் தவறாகப் போட்டிருந்தோம்.